என்ஜிஎஃப் ஆக்சானுக்கு வழி காட்டுகிறதா, உயிரைப் பிடித்து வைக்கிறதா?

ஆக்சான்_தேடி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் வகுப்பில் நரம்பு வளர்ச்சி பற்றி முக்கால் மணி நேரம் பேச வேண்டும், இரண்டு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். என்ஜிஎஃப் என்கிற நரம்பு வளர்ச்சிக் காரணி, வளரும் ஆக்சானை, அதாவது நியூரான் (நரம்புச் செல்) நீட்டும் நீண்ட நாரை, அதன் இலக்கு நோக்கி வழிநடத்துகிறது என்று பாடநூலில் ஒரு பக்கம் சொல்கிறது. நாலு பக்கம் தள்ளிப் போனால், இலக்கைத் தொட்ட நியூரான் சாகாமல் காப்பதுதான் அதன் வேலை என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லையே! ஊருக்கு வழி சொல்வது வேறு, வந்து சேர்ந்தவனை வாழவைப்பது வேறு.

தோலில் சுரக்கும் என்ஜிஎஃப் தூரத்திலிருந்தே ஆக்சானை இழுக்கிறது என்றால், ஆக்சான் கிளம்பும்போதே அதன் நுனியில் என்ஜிஎஃப்பைப் பிடிக்கும் புரதமான ஏற்பி இருக்க வேண்டும், தோலும் அதற்குள் சுரக்கத் தொடங்கியிருக்க வேண்டும். உயிர் காப்பது மட்டும்தான் என்றால் வழியை யார் காட்டினார்கள்? இதோடு பிடிஎன்எஃப், என்டி-3, நெட்ரின், எஃப்ரின் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எது வளர்ச்சிக் காரணி, எது வழிகாட்டி? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பழைய_நுண்ணோக்கி

சரியான இடத்தில்தான் முட்டியிருக்கிறீர்கள். இந்தத் துறை பிறந்ததே இந்தக் குழப்பத்தோடுதான்.

1934-ல் விக்டர் ஹாம்பர்கர் கோழிக் கருவில் இறக்கை முளைக்கும் மொட்டை வெட்டி எடுத்த சோதனையை வெளியிட்டார். வெட்டிய பக்கத்துத் தண்டுவடத்தில் இயக்க நியூரான்கள் குறைந்திருந்தன, உணர்வு நரம்பு முடிச்சுகளும் சுருங்கியிருந்தன. இறக்கையிலிருந்து வரும் ஏதோ செய்தி புது நியூரான்களை உருவாக்குகிறது, அந்தச் செய்தி நின்றதால் அவை உருவாகவே இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கட்டுரை ரீட்டா லெவி-மோன்டால்சினியின் கைக்கு வந்தது. 1938-ல் முசோலினி அரசின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்தவர் அவர். டூரினில் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கி, தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழி முட்டைகளில் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். ஆனால் கடைசி நாளில் மட்டும் பார்க்காமல் நாளுக்கு நாள் கருவை எடுத்து, நறுக்கி, எண்ணினார். நியூரான்கள் உருவாகத்தான் செய்கின்றன, ஆக்சானும் வெளியே கிளம்புகிறது, இலக்கு இல்லாததால் அப்புறம் சாகின்றன. கணக்கு அதேதான், படித்த விதம் தலைகீழ். போர் முடிந்தபின் ஹாம்பர்கரே அவரைச் செயின்ட் லூயிஸுக்கு அழைத்துக்கொண்டார் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தன் முடிவைத் தவறென்று காட்டியவரைக் கூப்பிட்டு அருகில் வைத்துக்கொள்வதற்குப் பெரிய மனசு வேண்டும்.

இனி அடுத்த பாதி. 1948-ல் எல்மர் பியூக்கர், எலியின் சார்கோமா-180 கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டியபோது உணர்வு நரம்புகள் கட்டிக்குள் புகுந்து வளர்ந்தன. லெவி-மோன்டால்சினி அதைத் தொடர்ந்தார். கருவுக்கு வெளியே, முட்டைக்குள் இருக்கும் சவ்வின் மேல் கட்டியை வைத்தாலும் நரம்புகள் பெருகின, ஆகவே இது ரத்தத்தில் கரைந்து வரும் ஒரு பொருள் என்று புரிந்தது. 1952-ல் ரியோ டி ஜெனிரோவில் நரம்பு முடிச்சையும் கட்டித் துண்டையும் ஒரே கண்ணாடியில் வளர்த்தார், முடிச்சைச் சுற்றிச் சூரியக் கதிர்போல் நார்கள் விரிந்தன. உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் வந்து சேர்ந்தபின் அந்தப் பொருளைப் பிரிக்கும் வேலை நடந்தது. அதில் நியூக்ளிக் அமிலம் இருக்கிறதா என்று பார்க்க, அதைச் சிதைக்கும் நொதிக்காகப் பாம்பு விஷம் சேர்த்தார்கள். பார்த்தால் கட்டியைவிட விஷத்திலேயே அந்தப் பொருள் பல மடங்கு இருந்தது. விஷப்பை என்பது உமிழ்நீர்ச் சுரப்பியின் மாறிய வடிவம்தானே என்று யோசித்து எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போனார்கள், அங்கே கொட்டிக் கிடந்தது. அந்தப் பொருள்தான் என்ஜிஎஃப். 1960-ல் அதை முடக்கும் சீரத்தைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டபோது பரிவு நரம்பு (இதயம், வியர்வைச் சுரப்பி போன்றவற்றை நாம் அறியாமலே இயக்கும் நரம்பு) முடிச்சுகள் கிட்டத்தட்ட அழிந்தே போயின.

கதிர்வட்டத்தைப் பார்த்தவர்கள் "வளரவைக்கிறது" என்றார்கள். சீரம் செய்ததைப் பார்த்தவர்கள் "உயிர் காக்கிறது" என்றார்கள். உங்கள் பாடநூலின் இரண்டு பக்கங்களும் இந்த இரண்டு சோதனைகளின் வாரிசுகள்.

வளர்கூம்பு

நான் தினமும் இந்த முடிச்சுகளோடு குப்பை கொட்டுகிறவன், அதனால் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

எட்டு நாள் கோழிக் கருவிலிருந்து முதுகுப்புற வேர் முடிச்சை (உணர்வு நரம்பு முடிச்சுதான்) எடுத்தால் கசகசா விதை அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. கொல்லாஜென் கூழில் பதித்து, மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராம் என்ஜிஎஃப் விட்டு இன்குபேட்டரில் வைத்தால் மறுநாள் காலையில் அந்தக் கதிர்வட்டம் வந்திருக்கும். இத்தனை வருடம் ஆகியும் கதவைத் திறந்து தட்டை எடுக்கும்போது மனசு ஒரு நொடி நிற்கும். ஒரு முறை வேலை நெருக்கடியில் ஒரு வரிசைக் கிண்ணங்களுக்கு என்ஜிஎஃப் விட மறந்துவிட்டேன். பிரித்துப் பரப்பிய செல்கள் அவை. இரண்டாம் நாள் பார்க்கிறேன், பக்கத்து வரிசையில் வலைபோல் நார்கள், இந்த வரிசையில் உருண்டு சிதைந்த துகள்கள் மட்டும். அன்றைக்கு அதைக் கொட்டிக் கழுவும்போது, இது "வளர்ச்சி" ஊட்டும் பொருள் என்பதைவிட ஒரு பிடிமானம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் வழிகாட்டுவதையும் பார்க்கலாம். 1979-ல் குண்டர்சனும் பாரெட்டும் ஒரு நுண்குழாயில் என்ஜிஎஃப் நிரப்பி, வளர்ந்துகொண்டிருக்கும் ஆக்சானின் பக்கவாட்டில் வைத்தார்கள். நுனி குழாயை நோக்கித் திரும்பியது. குழாயை இடம் மாற்றினால் அதுவும் மாற்றித் திரும்பியது. அந்த நுனிக்குத்தான் வளர்கூம்பு என்று பெயர் (நான் வைத்துக்கொண்ட பெயரும் அதுதான்). நரம்பியல் முன்னோடி கஹால் 1890-ல் அதை விவரித்தபோது அவர் கையில் இருந்தது சாயமேற்றிய செத்த திசு, அதை வைத்தே இது அசையும், வழி தேடும் என்று எழுதினார். உயிரோடு பார்த்தால் விரித்த கைபோல் இருக்கும். மெல்லிய விரல்கள் நீண்டு, தடவி, பின்வாங்கி, ஒரு விரல் எங்காவது ஒட்டிக்கொண்டால் மொத்தக் கையும் அந்தப் பக்கம் சாய்ந்து நகரும். நடுவில் பல நிமிடம் சும்மா நிற்கும், அப்புறம் திடீரென்று போகும்.

அதனால் "உயிர் மட்டும்தான் காக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செல்_சிக்னல்

> குழாயை இடம் மாற்றினால் அதுவும் மாற்றித் திரும்பியது.

கண்ணாடித் தட்டில் நடக்கிறது, சரி. கருவுக்குள் அப்படி நடக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. ஆக்சான்_தேடி கேட்ட கேள்வியையே 1987-ல் அலுன் டேவிஸ் குழு எலிக் கருவில் முகத்தின் உணர்வு நரம்பை (ட்ரைஜெமினல்) வைத்துச் சோதித்துப் பார்த்தது. ஆக்சான்கள் தோலை வந்து தொடும் சமயத்தில்தான் தோல் என்ஜிஎஃப் தயாரிக்கவே தொடங்குகிறது, நியூரான்களிலும் ஏற்பி அப்போதுதான் தோன்றுகிறது. கூப்பிடுகிறவனுக்குக் குரலும் இல்லை, வருகிறவனுக்குக் காதும் இல்லை, ஆனாலும் அவன் வந்து சேர்ந்துவிட்டான். ஆகவே அந்தப் பயணத்தில் என்ஜிஎஃப்புக்குப் பங்கில்லை.

வளர்கூம்பு

அந்த நரம்புக்குச் சரி. அதை எல்லா நரம்புக்கும் பொதுவாக்காதீர்கள்.

இன்னொன்று. தட்டில் பார்த்ததும் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை என்று பிறகு தெரிந்தது. 2004-ல் கூழில் மிக மிக மெல்லிய என்ஜிஎஃப் சரிவை (ஒரு பக்கம் அடர்த்தி கூடி மறுபக்கம் குறையும்படி) அமைத்துப் பார்த்தார்கள். வளர்கூம்பின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறுதான் வித்தியாசம், அந்த அளவிலும் நார்கள் அடர்த்தியான பக்கம் கூடுதலாக வளர்ந்தன. ஆனால் 2010-ல் அதே வழியில் வந்த ஆய்வு, இப்படி மெல்லிய சரிவில் ஆக்சான்கள் திரும்புவதே இல்லை, சரிவில் மேல்நோக்கிப் போகிறவை வேகமாகவும் கீழ்நோக்கிப் போகிறவை மெதுவாகவும் வளர்கின்றன என்று காட்டியது. படத்தில் பார்த்தால் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின மாதிரிதான் தெரியும். யாரும் திசை மாறவில்லை. இதையும் வழிகாட்டல் என்று சொல்லலாமா? நான் சொல்வேன், ஸ்டியரிங்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரால் மட்டும் காட்டும் வழி அது.

ஆக்சான்_தேடி

இது எனக்குப் புதிது, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். என்ஜிஎஃப் இல்லாவிட்டால் நியூரானே செத்துவிடுகிறது. செத்த நியூரானின் ஆக்சான் இலக்குக்குப் போகுமா போகாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்_சிக்னல்

இதைத்தான் கேட்க வேண்டும்! பதில் 2000-ல் வந்தது. பாக்ஸ் என்று ஒரு புரதம் உண்டு, நியூரான் தன்னைத் தானே அழித்துக்கொள்ள அது தேவை. பாக்ஸ் மரபணுவையும் நீக்கி என்ஜிஎஃப் மரபணுவையும் நீக்கினால் நியூரான் சாகாது, என்ஜிஎஃப்பும் இருக்காது. அப்படிப்பட்ட எலியில் வலி உணரும் ஆக்சான்கள் முடிச்சிலிருந்து கிளம்பின, உடலுக்குள் நெடுந்தூரம் போகவும் செய்தன, ஆனால் தோலுக்குள் கிளைத்துப் பரவவில்லை. கடைசிச் சில மில்லிமீட்டருக்கு என்ஜிஎஃப் வேண்டும், அதற்கு முந்தைய வழிக்கு வேறு யாரோ.

ஏற்பி பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மேலே போக முடியாது. என்ஜிஎஃப்பின் முக்கிய ஏற்பி டிஆர்கே-ஏ, வாய்ச்சொல்லில் ட்ராக்-ஏ. இது நரம்பு ஆய்விலிருந்து வந்ததே இல்லை. மரியானோ பார்பாசிட் குழு பெருங்குடல் புற்றுநோய்க் கட்டி ஒன்றில் வேறொரு புரதத்தோடு ஒட்டிப்போன நிலையில் இதைப் பிடித்து 1986-ல் விவரித்தது. என்ஜிஎஃப்புக்கும் இதற்கும் உள்ள உறவு தெரிந்தது 1991-ல். என்ஜிஎஃப்பின் குடும்பக் காரணிகளில், ட்ராக்-பி ஏற்பி பிடிஎன்எஃப்பையும் என்டி-4-ஐயும் பிடிக்கும், ட்ராக்-சி ஏற்பி என்டி-3-ஐப் பிடிக்கும். என்ஜிஎஃப் என்பது இரட்டைப் புரதம். அது வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து ஒன்றின் உள்வாலில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அங்கிருந்து ஒரு கிளை உயிரைக் காக்கிறது, இன்னொன்று மரபணுக்களை இயக்குகிறது, இன்னொன்று அந்த இடத்திலேயே உள்ள செல்லின் எலும்புக்கூட்டு இழைகளை நீட்டிச் சுருக்குகிறது. ஆக உயிர் காப்பதும் வளரவைப்பதும் ஒரே ஏற்பியின் இரண்டு கிளைகள்.

பழைய_நுண்ணோக்கி

இந்த இடத்தில் கேம்பனாட்டின் 1977 சோதனையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஒரு தட்டை மூன்று அறையாகத் தடுத்தார். தடுப்பின் அடியில் சிலிக்கோன் கிரீஸ் பூசி அடைத்ததால் ஒரு அறைத் திரவம் மறு அறைக்குப் போகாது, ஆனால் தட்டின் தரையில் கீறிய கோடுகள் வழியே ஆக்சான் மட்டும் கிரீஸுக்கு அடியில் நுழைந்து போகும். நடு அறையில் பரிவு நியூரான்கள். பக்க அறைகளில் என்ஜிஎஃப் உள்ள அறைக்குத்தான் ஆக்சான்கள் போயின. ஒரு பக்க அறையில் மட்டும் என்ஜிஎஃப்பை எடுத்தால், செல்லின் உடலுக்கு எவ்வளவு கிடைத்தாலும் அந்த அறையில் உள்ள கிளை வாடிப்போகிறது. உடலுக்கு நிறுத்திவிட்டு நுனிக்கு மட்டும் கொடுத்தால் உடல் பிழைக்கிறது.

நுனி தன் இடத்து நிலவரத்தைத் தானே முடிவு செய்கிறது, உடலுக்கும் செய்தி அனுப்புகிறது. என்ஜிஎஃப்பும் ஏற்பியும் சேர்ந்து ஒரு சின்னப் பைக்குள் அடைபட்டு, டைனீன் என்ற மோட்டார்ப் புரதம் இழுக்க ஆக்சான் நெடுகப் பின்னோக்கி வந்து சேர்கின்றன. நீளமான ஆக்சானில் அந்தப் பயணம் மணிக்கணக்கில் நடக்கும்.

செல்_சிக்னல்

அந்தப் பை விஷயத்தில்தான் என் முழு வாதமும் இருக்கிறது. 2004-ல் டேவிட் ஜின்டி குழு பரிவு நரம்புகளில் ஒன்றைக் காட்டியது. இந்த ஆக்சான்கள் முதலில் ரத்தக்குழாய்களை ஒட்டிப் போகும், அங்கே கிடைப்பது என்டி-3. கடைசி இலக்கில் கிடைப்பது என்ஜிஎஃப். இரண்டையும் பிடிப்பது ஒரே ட்ராக்-ஏதான். ஆனால் என்டி-3 பிடித்தால் ஏற்பி செல்லுக்குள் போவதில்லை, அந்த இடத்திலேயே ஆக்சானை முன்னே தள்ளுகிறது, அவ்வளவுதான். என்ஜிஎஃப் பிடித்தால் ஏற்பி பைக்குள் போய் உடலுக்குப் பயணப்பட்டு "பிழைத்துக்கொள்" என்கிறது. அப்படிப் போன செய்தி பி-75 என்ற இன்னொரு ஏற்பியைக் கூடுதலாகச் செய்யவைக்கிறது, அது வந்ததும் அந்த நியூரானுக்கு என்டி-3 சரியாகக் கேட்பதில்லை. பாதிவழியில் கிடைப்பதோடு திருப்திப்பட்டு நின்றுவிட முடியாது, கடைசிவரை போயாக வேண்டும்.

ஆகவே "இது வழிகாட்டியா, உயிர் காப்பானா" என்று காரணியைப் பார்த்துக் கேட்டால் பதிலே வராது. ஏற்பி எங்கே நிற்கிறது, எந்த நேரத்தில், பிடித்தபின் எங்கே போகிறது என்று கேட்டால்தான் வரும்.

நடுக்கோடு

இந்த இழையில் எல்லோரும் என்ஜிஎஃப் குடும்பத்தையே சுற்றுகிறீர்கள். வழி என்றால் நெட்ரினைப் பேசாமல் எப்படி?

தண்டுவடத்தில் சில ஆக்சான்கள் முதுகுப்புறத்திலிருந்து கிளம்பி வயிற்றுப்புற நடுக்கோட்டுக்குப் போய், அதைத் தாண்டி மறுபக்கம் போகும். அவற்றை இழுக்கும் பொருளைத் தேடி சுமார் 25,000 கோழிக் கரு மூளைகளிலிருந்து பிரித்தெடுத்து 1994-ல் நெட்ரின் என்று பெயர் வைத்தார்கள். வழிநடத்துபவர் என்ற பொருள் தரும் 'நேத்ரு' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வைத்த பெயர், நேதாஜி என்பதில் உள்ள நேதா அதே சொல்தான். அதன் ஏற்பி டிசிசி. இதுவும் பெருங்குடல் புற்றுநோயில் தொலைந்துபோகும் மரபணுவாகத்தான் முதலில் தெரிந்தது. டிசிசி மட்டும் இருந்தால் நெட்ரின் இழுக்கும், அன்க்-5 என்ற ஏற்பி சேர்ந்தால் அதே நெட்ரின் விரட்டும். நடுக்கோட்டைத் தாண்டியதும் ஆக்சானின் மேல் ரோபோ என்ற பெயருள்ள ஏற்பி வேலைக்கு வரும், அதுவரை காதில் விழாத ஸ்லிட் என்ற விரட்டும் செய்தி விழத் தொடங்கும், அதனால்தான் திரும்ப இந்தப் பக்கம் வராது. ரோபோ பழுதான ஈக்களில் ஆக்சான் நடுக்கோட்டை வட்டமடித்துத் தாண்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் நெட்ரின் தூரத்திலிருந்து இழுக்கிறது என்ற கதையும் 2017-ல் ஆட்டம் கண்டது. நடுக்கோட்டுச் செல்களில் மட்டும் நெட்ரினை நீக்கிய எலிகளில் பின்மூளை ஆக்சான்கள் பெரும்பாலும் சரியாகவே போயின. வழி நெடுக உள்ள முன்னோடிச் செல்கள் (நியூரான்களைப் பிறப்பிப்பவை) சுரந்து விளிம்பில் படியவைக்கும் நெட்ரின்தான் பெரிய வேலை செய்கிறது, அதாவது தூரத்துக் குரலைவிடக் காலடியில் உள்ள தடம். 2019-ல் வந்த ஆய்வுகள், தண்டுவடத்தில் நடுக்கோட்டு நெட்ரினுக்கும் பங்கு உண்டு என்று திரும்பக் காட்டின. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் என்று படுகிறது.

ஆக்சான்_தேடி

அப்படியானால் நெட்ரினை வளர்ச்சிக் காரணி என்று சொல்லக் கூடாதா?

நடுக்கோடு

வழக்கத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பிரிவினையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எஃப்ரினை வழிகாட்டிப் பட்டியலில் வைக்கிறோம், அதன் ஏற்பியான எஃப் குடும்பமோ ட்ராக் போலவே டைரோசின் கைனேஸ், அதாவது டைரோசினில் பாஸ்பேட் ஏற்றும் வகை. அந்த வகையிலேயே பெரிய குடும்பம் அதுதான், பாலூட்டிகளில் 14. ஜிடிஎன்எஃப் என்ற காரணியை உயிர் காப்பான் என்கிறோம், அது ரெட் ஏற்பி வழியாகக் கால் மொட்டின் மேல்பாதிக்குப் போகும் இயக்க ஆக்சான்களுக்கு வழியும் சொல்கிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் முதலில் நியூரானின் வகையைத் தீர்மானிக்கிறது, பிறகு அதே ஆள் நடுக்கோட்டுக்கு ஆக்சானை இழுக்கிறது.

வளர்கூம்பு

இதோடு 1997 சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவளைத் தண்டுவட நியூரான் பிடிஎன்எஃப் குழாயை நோக்கித் திரும்பும். செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி வேலையைத் தடுத்துவிட்டால் அதே நியூரான் அதே பிடிஎன்எஃப்பைவிட்டு விலகித் திரும்பும். வெளியே எதுவும் மாறவில்லை, ஏற்பியும் மாறவில்லை. செல்_சிக்னல் சொன்னதில் இதையும் சேர்க்க வேண்டும், கேட்கிறவனின் உள்நிலையும் செய்தியில் பாதி.

குழந்தை_மருத்துவர்

ஆய்வகப் பேச்சுக்கு நடுவில் ஒரு வார்த்தை. ட்ராக்-ஏ மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. மிக அரிது. 1996-ல் காரணம் தெரிந்தது. இவர்களுக்கு வலி தெரியாது, வியர்க்காது. வலி நியூரான்களும் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்புகளும் வளர்ச்சியின்போதே இல்லாமல் போனதுதான் காரணம். வியர்வை இல்லாததால் காரணம் புரியாத காய்ச்சல் அடிக்கடி வரும், பல் முளைத்ததும் நாக்கையும் விரலையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், எலும்பு முறிந்தாலும் அழாது. தொட்டால் தெரியும், ஏனென்றால் தொடு உணர்வுக்கு வேறு நியூரான்கள். ஏற்பிக்கு ஏற்பி நியூரான் வகை பிரிவதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. தயவுசெய்து வகுப்பில் இதைச் சொல்லுங்கள், ஆனால் விநோதமாகச் சொல்லாதீர்கள். அந்தப் பெற்றோர்கள் தினமும் குழந்தையின் உள்ளங்காலிலிருந்து தலைவரை காயம் தேடிப் பார்க்கிறவர்கள்.

பெரியவர்களிடமும் இந்த அறிவு பயன்படுகிறது. என்ஜிஎஃப்பைத் தடுக்கும் டனேசுமாப் மூட்டுவலியை உண்மையாகவே குறைத்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்ததால் 2021-ல் கைவிடப்பட்டது. மாறாக என்ஜிஎஃப்பே கண் சொட்டு மருந்தாக, நரம்பு செயலிழந்து ஆறாமல் போன கருவிழிப் புண்ணுக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆக்சான்_தேடி

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை டாக்டர். நிச்சயம் நீங்கள் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

என் உரையை மாற்றி எழுதிவிட்டேன். காரணிகளின் பட்டியலை எடுத்துவிட்டு ஒரே ஒரு பரிவு நியூரானின் பயணமாக வைத்துக்கொள்ளப் போகிறேன்: கிளம்பும்போது ஒன்று கேட்கிறது, ரத்தக்குழாயில் ஒன்று, கடைசியில் ஒன்று. பி-75 சாவு ஏற்பி என்று ஒரு வரி போட்டேன், சரியா?

செல்_சிக்னல்

அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். முழுதாக வெட்டப்படாத முன்வடிவ என்ஜிஎஃப், சார்ட்டிலின் என்ற துணையோடு பி-75-ஐப் பிடித்தால் சாவு. முதிர்ந்த என்ஜிஎஃப்போடு ட்ராக்-ஏ பக்கத்தில் பி-75 நின்றால் பிடிப்பு இன்னும் கூர்மையாகும். இன்னொரு பக்கம், காரணி கிடைக்காத ட்ராக்-ஏயும் ட்ராக்-சியும் தாமாகவே நியூரானைக் கொல்லும், ட்ராக்-பி கொல்லாது என்று 2010-ல் காட்டினார்கள். சாவு ஏற்பி என்று ஒன்றுக்கு மட்டும் பெயர் சூட்டினால் மாணவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

ஆக்சான்_தேடி

எடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. முதல் படமாக எதை வைப்பது? கதிர்வட்டம்தான் அழகு.

வளர்கூம்பு

அழகுதான், ஆனால் அதில் வளர்ச்சியா உயிரா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கேம்பனாட்டின் மூன்று அறையைக் கரும்பலகையில் கையால் வரையுங்கள். நடுவில் செல், இரண்டு பக்கமும் கிளை. இடது அறையில் என்ஜிஎஃப்பை அழித்துவிட்டு, என்ன நடக்கும் என்று வகுப்பைக் கேளுங்கள். செல் சாகும் என்று பாதிப்பேர் சொல்வார்கள். இடது கிளையை மட்டும் துடைத்துவிட்டு வலது கிளையை அப்படியே விடுங்கள், மீதிப் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.